மாப்பிள்ளையை யார் திருத்துவது

என் அப்பாவின் சட்டைப்பையில் எப்போதும் ஒரு சிவப்புப் பேனா இருக்கும். பொதுத்துறைத் தொழிற்சாலை ஒன்றில் மேலதிகாரிகளின் ஆங்கிலக் கடிதங்களைச் சரிபார்த்தே காலத்தைக் கழித்தவர். ஓய்வு பெற்ற பிறகும் பேனா அந்த இடத்தைவிட்டு நகரவில்லை. காலையில் மற்றவர்கள் பேப்பர் படிப்பார்கள், அப்பா பேப்பரைத் திருத்துவார். ஞாயிற்றுக்கிழமை மாதா கோயிலில் கொடுக்கும் அறிவிப்புத் தாளைப் பூசை முடிவதற்குள் திருத்தி, வாசலில் நிற்கும் பங்குச் சாமியாரிடமே நீட்டுவார். கல்யாணப் பத்திரிகை வைக்க வருகிறவர்களுக்கு அம்மா காபி கலந்து கொண்டுவருவதற்குள் இவர் இரண்டு பிழைகளைக் காட்டிக் கொடுத்துவிடுவார். அதற்குப் பயந்தே பெங்களூர் ரிச்சர்ட்ஸ் டவுனில் இருக்கும் எங்கள் வீட்டுக்குப் பத்திரிகையைக் கூரியரில் அனுப்புகிற சொந்தக்காரர்கள் உண்டு.

அப்பேர்ப்பட்ட மனிதருக்கு எதிரே உட்கார்ந்து, ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம், மட்டன் எலும்பைக் கையில் பிடித்தபடி என் கணவர் ஆங்கிலத்தில் பேசினார். "மாமா அண்ட் ஹர் ஒய்ஃப் ஆர் மோர் கைண்ட் தேன் ஆல் த பீப்பிள்ஸ் இன் பாரிஸ்."

அதாவது, மாமாவும் அவளுடைய மனைவியும் பாரிசில் இருக்கும் எல்லாரையும்விட அன்பானவர்களாம். அப்பாவை ஒரே போடில் பெண்ணாக்கி, அந்தப் பெண்ணுக்கு என் அம்மாவை மனைவியும் ஆக்கியாயிற்று. மிச்சப் பிழைகளை எண்ண எனக்குத் தெம்பில்லை. நான் அப்பாவின் முகத்தைப் பார்த்தேன், பிறகு சட்டைப்பையைப் பார்த்தேன். அப்பா சோற்றைப் பிசைந்துகொண்டே, "வெரி வெல் ஸெட், மாப்ளே" என்றார். "எவ்ளோ அழகா பேசறாரு பாரு" என்று அம்மா இன்னொரு கரண்டி குழம்பை மாப்பிள்ளையின் தட்டில் ஊற்றினாள். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

ஏன் இத்தனை கோபம் என்று சொல்லிவிடுகிறேன். என் கணவர் புதுச்சேரிக் குடும்பத்துப் பிள்ளை. தாத்தா பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்தவர், அதனால் குடும்பமே பிரெஞ்சுக் குடிமக்கள். இவர் வளர்ந்தது பாரிசுக்கு வெளியே ஒரு புறநகரில். வீட்டில் புதுச்சேரித் தமிழ், வெளியில் பிரெஞ்சு. இரண்டையும் தண்ணீர்பட்ட பாடாகப் பேசுவார். ஆங்கிலம் மட்டும் பள்ளியில் தொட்டதோடு சரி. நான் காக்ஸ் டவுனில் ஒரு பள்ளியில் ஆங்கில டீச்சர். பெரியவர்கள் பார்த்துச் செய்துவைத்த கல்யாணம். தமிழ்க் கத்தோலிக்கக் குடும்பம், நல்ல பையன், வெளிநாடு. இதற்குமேல் ஒரு அம்மாவுக்கு என்ன வேண்டும்.

கல்யாணம் முடிந்து நான் அங்கே போனேன். இரண்டு குளிர்காலம் தாக்குப்பிடித்தேன். அவருக்கு ஒரு கிடங்கில் ராத்திரி வேலை. பகலில் அவர் தூங்குவார், நான் சுவரைப் பார்ப்பேன். பிரெஞ்சு வகுப்புக்குப் போனேன், வந்த சில வார்த்தைகளை எடுத்துக்கொண்டு கடைக்கும் போனேன். கீழே ரொட்டிக்கடையில் ஒரு அம்மாள். நான் தப்பாகக் கேட்டால் ரொட்டியைக் கையில் வைத்துக்கொண்டே சரியான வாக்கியத்தைச் சொல்லி, நான் திரும்பச் சொல்லும்வரை நிற்பாள். பின்னால் வரிசையே காத்துக்கொண்டிருக்கும். கெட்டவள் இல்லை, அங்கே அப்படித்தான். ஆனால் எனக்கு நாக்கு உள்ளே போய்விட்டது. கடைசியில் ரொட்டியை விரலால் காட்டி வாங்குகிற நிலைமைக்கு வந்துவிட்டேன். ஊரில் வகுப்பறை நிறையப் பிள்ளைகளை அடக்கி உட்காரவைத்தவள், அங்கே ஊமையாகிவிட்டேன்.

"ரெண்டு பேர்ல ஒருத்தர் இன்னொருத்தர் ஊர் பாஷைய கத்துக்கணும். எனக்கு வரல, நான் தோத்துட்டேன். இப்ப உங்க முறை" என்று சொல்லிவிட்டுத்தான் பெங்களூருக்குத் திரும்பினேன். பழைய பள்ளியிலேயே வேலை கிடைத்தது. அவரும் கிடங்கில் சம்பளமில்லாத விடுப்பு எழுதிக் கொடுத்துவிட்டுப் பின்னாலேயே வந்தார். மழைக்காலம் தொடங்கும்வரை விடுப்பு. அதற்குள் இங்கே வேலை கிடைத்தால் இரண்டு பேரும் ஒரே வீட்டில் வாழலாம். கிடைக்காவிட்டால் அவர் அங்கே, நான் இங்கே, நடுவில் போன். இவ்வளவுதான் கணக்கு.

வேலையும் கண்ணுக்கு எட்டிய தூரத்தில்தான் இருந்தது. அவுட்டர் ரிங் ரோட்டில் ஒரு கம்பெனிக்குப் பிரெஞ்சு பேசுகிற ஆட்கள் வேண்டும். பிரான்சிலிருந்து ஓட்டல் அறைக்காகக் கூப்பிடுகிறவர்களிடம் இங்கேயிருந்து பிரெஞ்சில் பேச வேண்டும், அவ்வளவுதான். இவரைவிட வேறு யார் பொருத்தம். ஆனால் அலுவலகத்துக்குள் எல்லாம் ஆங்கிலம் என்பதால் முதல் சுற்று ஆங்கிலத்தில் பேச்சுத் தேர்வு. இரண்டு படங்களைக் காட்டி ஒப்பிட்டுச் சொல்லச் சொல்வார்கள், குடும்பத்தைப் பற்றிக் கேட்பார்கள். அதில் தேறினால்தான் பிரெஞ்சுச் சுற்று.

ஜீவனஹள்ளியில் ஒரு மாடிப் போர்ஷனை வாடகைக்குப் பிடித்தோம். அப்பா வீடு நடக்கிற தூரம். நான் பள்ளியிலிருந்து வந்து முகம் கழுவியதும் சாப்பாட்டு மேசையில் பாடம் தொடங்கும். கட்டிய கணவனுக்குப் பாடம் சொல்லிக் கொடுப்பதைப்போல ஒரு கொடுமை உலகத்தில் வேறு கிடையாது. பள்ளிப் பிள்ளைகள் என்றால் வாயை மூடச் சொல்லலாம். இவர் எழுந்து போய்க் காபி போட்டுக்கொண்டு வந்துவிடுவார்.

"பிரெஞ்சுல பொண்டாட்டி பொம்பள, அதனால 'அவளோட பொண்டாட்டி'ங்கற மாதிரி வரும். வீட்டுக்காரர் ஆம்பள, அதனால 'அவனோட வீட்டுக்காரர்'. யாரோட சாமான்னு பாக்க மாட்டோம், என்ன சாமான்னுதான் பாப்போம்" என்று எனக்கே விளக்கம் சொல்வார்.

"தமிழ்ல அப்படியா சொல்வீங்க? தமிழ்ல யோசிச்சு இங்கிலீஷ்ல பேசுங்களேன்."

"வர மாட்டேங்குதும்மா. தமிழ் வீட்டுக்குள்ள இருக்கு. வெளியாள்கிட்ட பேசணும்னு வாயத் தொறந்தா பிரெஞ்சுதான் முன்னாடி ஓடியாருது."

அது உண்மைதான், ஆனாலும் முழு உண்மை இல்லை. அம்மாவைப் பற்றிப் பேசும்போது மட்டும் தமிழ் எங்கிருந்தோ ஓடிவந்துவிடும். மாமியாரை 'ஷீ' என்று சொல்ல அவருக்கு வாய் கூசும். மரியாதைக்கு 'தே' என்பார். "அத்தை இஸ் இன் த கிச்சன். தே ஆர் குக்கிங் வித் ஹிஸ் ஹஸ்பெண்ட்." சமையலறையில் எத்தனை பேர் இருக்கிறார்கள், அதில் ஆண் யார் பெண் யார் என்று கேட்கிறவனுக்குத் தலை சுற்றிவிடும். மேசை, நாற்காலி, கேஸ் அடுப்பு எல்லாவற்றையும் 'ஷீ' என்பார், பெண்ணைக் கொடுத்த மாமியாருக்கு அந்த 'ஷீ' கிடையாது.

பெயரடைகளில் வேறு விதமான கஷ்டம். மரங்கள் பல என்றால் பெரிய என்பதற்கும் ஒரு 'ஸ்' ஒட்டிக்கொள்ளும், 'பிக்ஸ் ட்ரீஸ்' ஆகும். "வீட்டுக்கு வர்ற எல்லாத்துக்கும் காபி குடுக்கற மாதிரி இந்த 'ஸ்'ஸ குடுக்காதீங்க" என்று கத்துவேன். ஒப்பிட்டுச் சொல்லுங்கள் என்றால் எல்லாவற்றுக்கும் முன்னால் ஒரு 'மோர்'. இந்த வீடு மோர் ஸ்மால், ஜீவனஹள்ளி மோர் நாய்ஸி, பிரியாணி மோர் குட்.

"மோர் குட் இல்ல, பெட்டர்."

"அப்ப குட் எங்க போச்சு?"

"உங்க பிரெஞ்சுலயும் அந்த ஒரு வார்த்த அப்படித்தானே முழுசா மாறிப்போகும்? எனக்கே அது தெரியும், ரெண்டு குளிர்காலம் மாரடிச்சேனே."

அவர் யோசித்துப் பார்த்துவிட்டு, "ஆமால்ல" என்று சிரிப்பார். அந்தச் சிரிப்பில் பாதிக் கோபம் போய்விடும். மறுநாள் மறுபடியும் மோர் குட்.

இதெல்லாம் தீராத வியாதி இல்லை. பேசப் பேச, யாராவது திருத்தத் திருத்தச் சரியாகிற விஷயம்தான். வகுப்பில் எத்தனை பிள்ளைகளுக்குச் சரிசெய்திருக்கிறேன். ஆனால் இவர் விஷயத்தில் நான் ஒருத்தி மேசையில் கட்டுகிற சுவரை, என் பெற்றோர் ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் மட்டன் குழம்போடு சேர்த்து இடித்துத் தள்ளினார்கள்.

எங்கள் வீட்டில் மாப்பிள்ளை என்றால் அப்படி. மின்விசிறிக்கு நேர் கீழே இருக்கும் நாற்காலி அவருக்கு. நல்லி எலும்பு அவருக்கு. அவர் பேசும்போது யாரும் குறுக்கே பேசக்கூடாது, அவர் சொன்னதை மறுத்துப் பேசக்கூடாது. மழை பெய்கிறதே என்று வெயிலில் சொன்னாலும் அம்மா குடையை எடுத்து வருவாள். இதில் இங்கிலீஷைத் திருத்துவதாவது. அப்பா தலையாட்டுவார், அம்மா பூரித்துப்போவாள். என் கணவர் வீட்டுக்கு வந்து என்னிடம் சொல்வார்: "மாமாவே ஒண்ணும் சொல்லல. அவர் சாமியாரையே விட மாட்டாரு. நீதான் சும்மா சும்மா குத்தம் கண்டுபிடிக்கற. டீச்சர் புத்தி."

அவர் சொல்வதில் நியாயம் இருந்தது. ஊரெல்லாம் சிவப்பு மையால் திருத்துகிற ஒருவர் தலையாட்டினால், அது சரி என்றுதானே யாரும் நினைப்பார்கள். தெருவும் அவர் பக்கம்தான். கீழே டீக்கடை, இஸ்திரி வண்டி, மருந்துக்கடை எல்லா இடத்திலும் போய் ஆங்கிலம் பேசிப் பார்ப்பார். எல்லாரும் "சூப்பர் சார்" என்பார்கள். பிரான்சிலிருந்து வந்த ஆள் நம்மிடம் நின்று பேசுகிறாரே என்ற சந்தோஷம் அவர்களுக்கு. பெங்களூரே அவருக்கு மாமனார் வீடு ஆகிவிட்டது. திட்டுவதற்கு இருந்த ஒரே ஆள் நான். அதனால் நான் ராட்சசி.

தேர்வுக்கு நாள் நெருங்கிய சமயத்தில், பள்ளி விட்டதும் நேராக அப்பா வீட்டுக்குப் போனேன். நாங்கள் அவர்களைக் கூப்பிடுவது டாடி, மம்மி என்று. அப்பா பேப்பரோடு உட்கார்ந்திருந்தார். தலையங்கத்தில் ஒரு முற்றுப்புள்ளியோடு சண்டை.

"டாடி, ஒரே ஒரு தடவ. இந்த ஞாயித்துக்கெழம அவர் தப்பா பேசும்போது தப்புன்னு சொல்லுங்க. நீங்க சொன்னா கேப்பாரு. நான் சொன்னா ஏறல."

"மாப்பிள்ளைய நான் திருத்தறதா?"

"ஏன், சாமியாரத் திருத்தறீங்களே."

"ஃபாதர் வேற. மாப்பிள்ளை வேற."

"இன்னா வேற? அவர் பேசறது தப்புன்னு உங்களுக்குத் தெரியுதா இல்லையா?"

அப்பா கண்ணாடியைக் கழற்றினார். "தெரியுதும்மா. ஒவ்வொரு வாட்டியும் கை பேனாவுக்குப் போவுது. ஹர் ஒய்ஃபாம். சோறு எறங்கல எனக்கு."

"அப்ப சொல்லுங்களேன்."

அம்மா சமையலறையிலிருந்து கையைத் துடைத்துக்கொண்டே வந்தாள். "நல்லா இருக்குடி கத. பொண்ணக் கட்டிக்கிட்டு, கடல் தாண்டி, வேலைய விட்டுட்டு நம்ம ஊருக்கு வந்திருக்காரு. அவரப் போயி தப்பு தப்புன்னா மனசு நோவாது? ஒரு நாள் கோச்சுக்கிட்டு, போதும் வா போலாம்னு உன்ன அங்கயே கூட்டிட்டுப் போயிட்டா?"

அங்கேதான் விஷயம் இருந்தது. மரியாதை பாதி, பயம் பாதி. நான் இரண்டு குளிர்காலத்தில் எப்படி இளைத்துத் திரும்பி வந்தேன் என்று பார்த்தவர்கள். மாப்பிள்ளை முகம் வாடினால் மகள் போய்விடுவாள் என்று நினைத்தார்கள். முகம் வாடாமல் வைத்தால் வேலை கிடைக்காது, கிடைக்காவிட்டால் அவரே போய்விடுவார், இது மட்டும் அவர்கள் மண்டையில் ஏறவில்லை. நான் தொண்டை கிழியச் சொன்னேன். அப்பா கண்ணாடியை மாட்டிக்கொண்டு முற்றுப்புள்ளிக்குத் திரும்பிவிட்டார். வந்த ஆத்திரத்தில் அம்மா நீட்டிய காபியைக்கூடக் குடிக்காமல் கிளம்பிவிட்டேன்.

தேர்வு நடந்தது. சாயங்காலம் அவர் ஆட்டோவில் வந்து இறங்கியபோது கையில் மைசூர்பாக் பெட்டி. என் வீட்டுக்கு ஒன்று, அப்பா வீட்டுக்கு ஒன்று.

"சூப்பரா பேசிட்டேன். ஒரு மேடம் கேட்டாங்க. கடைசி வரைக்கும் தலையாட்டிக்கிட்டே இருந்தாங்க. சிரிச்சாங்க. வெரி நைஸ் சார், வீ வில் லெட் யூ நோ அப்படின்னாங்க."

நான் மைசூர்பாக்கை வாயில் போட்டவள் அப்படியே நிறுத்திவிட்டேன். இந்த ஊரில் பிறந்து வளர்ந்த எவருக்கும் அந்த வாக்கியத்துக்கு அர்த்தம் தெரியும். இவருக்குத் தெரியாது. இவர் வளர்ந்த ஊரில் பிடிக்காவிட்டால் மூஞ்சிக்கு நேரே சொல்லி அனுப்பிவிடுவார்கள். சொல்லலாம் என்று வாயெடுத்தேன். அந்த முகத்தைப் பார்த்ததும் எனக்கும் முடியவில்லை. நானும் தலையாட்டினேன்.

அடுத்த நாளிலிருந்து போனைக் கையிலேயே வைத்திருந்தார். குளிக்கப் போகும்போது என்னிடம் கொடுத்துவிட்டுப் போவார். அப்பா வீட்டில் பேச்செல்லாம் எந்த பஸ்ஸில் ஆபீஸ் போவார், கம்பெனி வண்டி வீடு வரை வருமா என்பதுதான். அம்மா வேளாங்கண்ணிக்கு நேர்ந்துகொண்டாள். பிறகு ஒரு மத்தியானம் மெயில் வந்தது. தேர்வாகவில்லை, ஆறு மாதம் கழித்து மறுபடி முயலலாம் என்று சுருக்கமாக இருந்தது. வேறு இரண்டு இடங்களில் முயன்றார். அங்கேயும் தலையாட்டினார்கள், அங்கேயும் சிரித்தார்கள்.

மெயில் வந்த பிறகு வந்த ஞாயிற்றுக்கிழமையை நான் மறக்க மாட்டேன். அதே நாற்காலி, அதே மின்விசிறி. அம்மா வழக்கத்தைவிட அதிகமாகப் பரிமாறிக்கொண்டிருந்தாள். அவர் சாப்பிடவில்லை. தட்டைக் கொஞ்சம் தள்ளிவைத்துவிட்டு, ஆங்கிலத்தை விட்டுவிட்டுத் தமிழில் கேட்டார்.

"மாமா, நான் பேசறது தப்புன்னு உங்களுக்கு முன்னாடியே தெரியும்ல?"

அப்பா சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தார்.

"ஆரம்பத்துலேர்ந்தே தெரியும்ல? அப்பறம் ஏன் மாமா நல்லா இருக்கு நல்லா இருக்குன்னீங்க? இவ கத்துவா. நான் இவகிட்ட, மாமாவே ஒண்ணும் சொல்லல, உனக்கு இன்னான்னு சண்ட போடுவேன்."

"ச்சே ச்சே, அப்படியெல்லாம் இல்ல மாப்ளே" என்றார் அப்பா. "யூ ஸ்பீக் நைஸ்லி. அந்தக் கம்பெனிக்காரனுங்களுக்குத் தெரியல."

அடக் கடவுளே என்று இருந்தது எனக்கு. அப்போதும்கூட அவரால் முடியவில்லை. அம்மா அவசர அவசரமாக, "மொதல்ல சாப்பிடுங்க மாப்ள, ஆறிப்போகுது" என்று நல்லி எலும்பைத் தேடி எடுத்து வைத்தாள். அவர் அந்த எலும்பைப் பார்த்தார். கோபமாகப் பார்த்திருந்தால்கூட எனக்கு நிம்மதியாக இருந்திருக்கும். விருந்தாளி ஒருவர் போதும் என்று சொல்லத் தயங்குகிற மாதிரி பார்த்தார். இத்தனை மாதமாக அந்த வீட்டில் அவர் விருந்தாளியாகத்தான் உட்கார்ந்திருந்தார் என்பது எனக்கே அப்போதுதான் உறைத்தது.

நான் எழுந்துவிட்டேன். "தப்பு டாடி. எல்லாமே தப்பு. அவர் ஊருக்குப் போவாரு, நான் இங்க தனியா கெடப்பேன். ஒருத்தர் மனசும் நோவல, சந்தோஷமா?" என்று கத்தினேன். பக்கத்து வீட்டில் டிவி சத்தத்தைக் குறைத்தார்கள். அப்பா தட்டிலேயே கையைக் கழுவினார். அவர் அப்படிச் செய்து நான் பார்த்ததே இல்லை.

அதற்குப் பிறகு கத்துவதற்கு ஒன்றும் இல்லை. டிக்கெட் போட்டோம். வீட்டில் பாடம் நின்றுபோனது. சாயங்காலத்தில் அந்த மேசையில் காய் நறுக்கினோம். நான் திருத்தாமல் இருந்தது அவருக்குப் பிடிக்கவில்லை என்று நினைக்கிறேன். வேண்டுமென்றே ஒரு நாள் "த டொமாட்டோஸ் ஆர் ரெட்ஸ்" என்று சொல்லிவிட்டு என் முகத்தைப் பார்த்தார். எனக்குத் திட்டக்கூட மனம் வரவில்லை.

மழை தொடங்கிய வாரத்தில், காலை விமானம். அப்பாவும் அம்மாவும் நாங்களும் ஒரே டாக்ஸியில் போனோம். விமான நிலையத்தில் டிக்கெட் இல்லாதவர்கள் நிற்க வேண்டிய தடுப்பு வரை போய் நின்றோம். அம்மா அவர் நெற்றியில் சிலுவை வரைந்தாள். நான் அவர் சட்டைக் காலரைச் சரிசெய்தேன். அவர் அப்பாவிடம் திரும்பினார். தமிழில் சொன்னால் அழுதுவிடுவோம் என்று நினைத்தாரோ என்னவோ, ஆங்கிலத்தில் சொன்னார்.

"மாமா, டோண்ட் ஒர்ரி ஃபார் யுவர் டாட்டர். ஷீ இஸ் மோர் ஸ்ட்ராங் தேன் மீ. பட் ஹிஸ் ஹார்ட் இஸ் டெண்டர்."

அப்பா வழக்கம்போலத் தலையாட்டத் தொடங்கினார். பாதியில் தலை நின்றது.

"ஸ்ட்ராங்கர்" என்றார்.

என் கணவருக்குப் புரியவில்லை.

"நாட் மோர் ஸ்ட்ராங். ஸ்ட்ராங்கர். அண்ட் ஹர் ஹார்ட். ஷீ இஸ் மை டாட்டர், நாட் மை சன்." சாமியாரிடம் அறிவிப்புத் தாளை நீட்டும்போது வருகிற அதே குரல். அம்மா பதறிப்போய் அப்பாவின் கையைக் கிள்ளினாள். அப்பா கையை உதறினார். "சொல்லுங்க. முழுசா சொல்லுங்க."

என் கணவர் தோளில் இருந்த பையைக் கீழே இறக்கி வைத்தார். பின்னால் வண்டியைத் தள்ளிக்கொண்டு வந்தவர்கள் சுற்றிப்போனார்கள். "ஷீ இஸ் ஸ்ட்ராங்கர் தேன் மீ. பட் ஹர் ஹார்ட் இஸ் டெண்டர்" என்றார், ஒவ்வொரு வார்த்தையாக.

"'தேன் ஐ ஆம்' னு சொன்னா இன்னும் நல்லது."

"ஷீ இஸ் ஸ்ட்ராங்கர் தேன் ஐ ஆம்."

"கரெக்ட்" என்றார் அப்பா. "முன்னாடியெல்லாம் சொன்னேனே வெரி குட்டுன்னு, அத விட்ருங்க. இதுதான் கரெக்ட்."

அவர் குனிந்து அப்பாவைக் கட்டிப் பிடித்துக்கொண்டார். எங்கள் வீட்டில் மாமனாரை மாப்பிள்ளை கட்டிப் பிடிக்கிற வழக்கம் இல்லை. அப்பா கைகளை எங்கே வைப்பது என்று தெரியாமல் நின்று, கடைசியில் அவர் முதுகில் தட்டினார். பிறகு அவர் பையை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டார்.

டாக்ஸியில் ஏறியதும் எனக்கு அழுகை வந்தது, அதைவிட அதிகமாகக் கோபம் வந்தது. முன் சீட்டில் இருந்த அப்பாவின் பின்மண்டையைப் பார்த்துக் கேட்டேன். "இத முன்னாடியே சொல்லியிருந்தா இன்னா டாடி? வாய்லேர்ந்து முத்தா உதிர்ந்திருக்கும்? அவர் இன்னிக்கு ஆபீஸுக்குப் போயிருப்பாரு. வீட்டுக்கு வந்திருப்பாரு."

அப்பா ரோட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். வண்டியின் முன்கண்ணாடியில் மழைத் தண்ணீர் வழிந்துகொண்டிருந்தது.

"அப்ப அவரு மாப்பிள்ளைம்மா" என்றார்.

நல்ல மனிதர், நல்ல வார்த்தை. என் வீடு காலியாகிவிட்ட பிறகு வந்த வார்த்தை. எனக்கு அந்த நேரத்தில் அவர் மேல் பாசமும் வந்தது, கழுத்தைப் பிடிக்கலாமா என்றும் வந்தது. அம்மா என் முழங்காலைத் தடவிக்கொண்டே, "விடுடி, ஆறு மாசம் கழிச்சு மறுபடி எழுதலாம்னு போட்டிருக்கான்ல" என்றாள்.

ஹெப்பாள் மேம்பாலத்தில் போக்குவரத்து நின்றபோது என் போன் அடித்தது. அவர்தான். உள்ளே சோதனையெல்லாம் முடித்து விமானத்துக்காகக் காத்திருக்கிறாராம். இன்னும் அழைக்கவில்லையாம். "சாப்டீங்களா?" என்று கேட்டேன்.

"ம், ம். மாமா பக்கத்துல இருக்காரா? குடு."

நான் போனை முன் சீட்டுக்கு நீட்டினேன். அப்பா கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டார், யாருக்கோ கடிதம் திருத்தப் போகிறவர் மாதிரி நிமிர்ந்து உட்கார்ந்தார். "எஸ், டெல் மீ" என்றார். கொஞ்ச நேரம் கேட்டார். "நோ. நாட் மோர் பிக். பிக்கர். அகெய்ன்." மறுபடி கேட்டார். "சேர்ஸ ஏன் ஷீன்னு சொல்றீங்க? தே. ஆமா, நாலு சேர் இருந்தா தே. அத்தைக்கு மட்டும் ஷீ. ஒண்ணும் தப்பில்ல, நான் சொல்றேன்ல, ஷீன்னே சொல்லுங்க."

அம்மா என்னைப் பார்த்தாள். நான் முன் சீட்டுக்குக் கையை நீட்டினேன். அவர் விமானம் ஏறுவதற்குள் இரண்டு வார்த்தை பேச வேண்டும், நான் அவர் மனைவி. அப்பா திரும்பிப் பார்க்காமலே, இரு என்று கையைக் காட்டினார்.

வண்டி நகர்ந்தது. மேம்பாலம் இறங்கி, ஊருக்குள் நுழைந்து, எங்கள் தெருமுனை வரும்வரை போன் எனக்குக் கிடைக்கவில்லை. கிடைத்தபோது அவர் விமானத்துக்குள் ஏறி, போனை அணைத்துவிட்டிருந்தார்.